தண்ணிக்குள் இருப்பவன் பங்கு

ஒரு நிறுவனம் தன் ஊழியர்களின் வயிற்றைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிட்டால், அவர்கள் பட்டினி கிடக்கப் போகும் நாள் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். தூத்துக்குடியில், முத்தையாபுரம் தாண்டித் துறைமுகம் போகும் சாலையில் இருக்கும் தென்கடல் சரக்கு முனையத்தில் இந்தக் கவலை இரண்டு முறை வந்தது.

முதல் முறை வந்தபோது கேன்டீன் சுவரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் நேரே கலோரி எழுதிப் போட்டார்கள். புரோட்டாவுக்குச் சிவப்பு மை. வாசலில் எடை பார்க்கும் இயந்திரம், அதில் ஏறாமல் உள்ளே போக முடியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில் நானூறு பேரில் ஒருவரும் இளைக்கவில்லை. கேட்டுக்கு வெளியே புரோட்டா போட்டுக்கொண்டிருந்த தள்ளுவண்டிக்காரர் மட்டும் இரண்டாவது வண்டி வாங்கியிருந்தார்.

பிறகு தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். டயட் என்பதே தவறு, உடம்புக்கே எல்லாம் தெரியும், பசித்தால் சாப்பிடு, போதும் என்று தோன்றினால் நிறுத்து, சாப்பிட்டதற்காக வருந்தாதே என்று அங்கே சொன்னார்களாம். சொன்னதில் ஒரு பிழையும் கிடையாது. பெற்ற பிள்ளைக்கு எந்தத் தாயும் சொல்வதுதான். ஆனால் எந்தத் தாயும் அதற்குப் படிவம் அச்சடிப்பதில்லை.

"இன்று முதல் இந்த வளாகத்தில் குற்றவுணர்வுக்கு இடமில்லை," என்று பொது மேலாளர் எஸ்றா தொடக்க விழாவில் முழங்கினார். "உணவு மகிழ்ச்சிக்குரியது. உண்ட பிறகு யாராவது வருந்துவது தெரியவந்தால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும். முப்பது ஆண்டுகளாக நான் ஊழியர்களின் பசியைப் பற்றிச் சிந்தித்ததே இல்லை. இப்போது தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது, சிந்திக்கிறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் தட்டிக்கொண்டார். பேச்சு முடிந்தபோது சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது.

கடைசி வரிசையில் நின்ற இனிகோ மட்டும் கை தட்டவில்லை. வருந்தாமல் சாப்பிடுவது என்று காதில் விழுந்ததுமே அவன் மனம் அங்கேயே நின்றுவிட்டது. முனையத்தில் ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் அவன். கடைசி இரண்டு வருடத்தில் ஒரு வேளைச் சோறுகூட அவன் தொண்டையில் நிம்மதியாக இறங்கியதில்லை.

அவன் தம்பி வளன் சங்கு எடுக்க மூழ்குகிறவன். திரேஸ்புரத்திலிருந்து நாலைந்து பேராக வள்ளத்தில் போவார்கள். மேலே கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து காற்றுக் குழாய் கீழே போகும். அந்த வள்ளத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டைப் பிரிக்கும்போது தண்ணிக்குள் இருக்கிறவன் பங்கை முதலில் எடுத்து மூடி வைத்துவிட வேண்டும். அவன் மேலே வந்து தன் கையால் மூடியைத் திறக்கிற வரைக்கும் வேறு எவனும் அதைத் தொடக் கூடாது. தொட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதை வாயால் சொல்வதே தொட்ட மாதிரி.

ஒரு சனிக்கிழமை லீவு என்று இனிகோ சும்மா கூடப் போனான். மூழ்குவதற்கு முன்னால் வளன் கண்ணாடியை மாட்டிக்கொண்டே, "ண்ணே, பொரிச்ச சாளை நாலு எனக்கு வச்சிரு," என்று சொல்லிவிட்டுக் குதித்தான். வைத்தார்கள். இனிகோ தன் பங்கைத் தின்றான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு, உப்புக் காற்று, பசி அடங்கவில்லை. மூடியைத் திறந்து ஒரே ஒரு மீன் என்று எடுத்தான். நாலும் போய்விட்டது. பாத்திரத்தைப் பழையபடி மூடி வைத்தான். கால் மணி நேரம் கழித்துக் குழாயை இழுத்தபோது குழாய் மட்டும் வந்தது.

குழாய் கழன்றுவிட்டது, கீழே நீரோட்டம் அதிகம் என்று எல்லோரும் சொன்னார்கள். மூன்று நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. மூடியிருந்த பாத்திரத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை. இனிகோ அதை அப்படியே கடலில் போட்டான். சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதை அவன் சொல்லவில்லை. மனைவி மரியசெல்விக்கும் தெரியாது.

அன்றிலிருந்து முதல் வாய்ச் சோற்றை எடுக்கும்போதெல்லாம் காதோரம் ஈரமாக ஒரு குரல் வரும். "ண்ணே, எனக்கு வச்சிருக்கியா?"

கோபமான குரல் அல்ல. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. தட்டின் ஓரத்தில் ஒரு கைப்பிடி சோறும் ஒரு மீனும் ஒதுக்கி வைப்பான். ஒதுக்கினால் குரல் அடங்கும், அடுத்த வேளை மறுபடி வரும்.

திட்டம் நடைமுறைக்கு வந்தது. சாப்பிடுவதற்கு முன் பசிப் படிவம் நிரப்ப வேண்டும். ஒன்று என்றால் கொலைப்பசி, பத்து என்றால் மூச்சு முட்ட நிறைந்த வயிறு. நாலில் இருப்பவனுக்கே சோறு. அதற்கு மேல் போனால், பசிக்காமல் உண்ண முயன்ற குற்றம். கீழே போனால், உடலின் அழைப்பை அலட்சியம் செய்த குற்றம். இயற்கையான பசி பகல் பன்னிரண்டரை முதல் ஒன்று பத்து வரை மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும் என்று சுற்றறிக்கை வந்தது.

கிரேன் ஓட்டும் ஜாபேஸ் உண்மையை எழுதுவோம் என்று இரண்டு போட்டான். பசியை இவ்வளவு தூரம் வளர விட்டதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. படிவம் வாங்கும் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றதுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்தான். அந்த வரிசையைக் குறைக்க வழி கண்டார்கள். வரிசையில் நிற்பதற்கு முன்பே நிரப்ப வேண்டிய இன்னொரு படிவம் வந்தது.

"நாலுன்னு எழுதியாச்சா தம்பி?" என்று கேட்பார் கேன்டீன் மாஸ்டர் பிச்சையா. "நாலு இல்லேன்னா கரண்டி எந்திரிக்காது. எனக்கு உத்தரவு அப்படி. எங்க வீட்டுல எம்பொண்டாட்டி கேக்கா, உங்க கேன்டீன்ல சோறு போடுதாவளா, பரீட்சை வைக்காவளான்னு."

சாப்பிட்டு முடித்ததும் வருத்தப் படிவம். அதில் 'இல்லை' என்ற ஒரே கட்டம்தான் இருந்தது. மூன்று மாதம் ஒழுங்காக 'இல்லை' போட்டவர்களுக்குக் குற்றவுணர்வற்ற உண்பவர் என்று சான்றிதழ் கொடுப்பார்கள். அந்த வருடம் ஒப்பந்தக்காரர்களில் பத்துப் பேரை நிரந்தரமாக்கப் போவதாகவும், சான்றிதழ் உள்ளவர்களையே எடுப்பதாகவும் அறிவித்தார்கள். இனிகோவின் பெயர் அந்தப் பத்தில் இருந்தது. அவன் தட்டில் ஒதுக்கி வைத்த சோறு மட்டும்தான் இடையில் நின்றது.

நலவாழ்வு மேலாளர் அனுசியா அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள். சாயர்புரம் பக்கம் கருப்பட்டி மிட்டாய்க் கடைக்காரர் மகள் என்று சொல்வார்கள், பேச்சு மட்டும் சென்னைப் பேச்சு. மெலிந்த பெண். அவள் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. மேசையில் எப்போதும் ஒரு ஃபிளாஸ்க் சீரகத் தண்ணீர் இருக்கும்.

"மிஸ்டர் இனிகோ, உங்க தட்டுல தினமும் மிச்சம் இருக்கு. நிறைவு வந்து நிறுத்துறீங்களா, வருத்தப்பட்டு நிறுத்துறீங்களா?"

"ரெண்டும் இல்ல மேடம். அது வேற ஆளுக்கு."

"உடம்புக்குள்ள ஒரு குரல் இருக்கு. அதைக் கேட்டுச் சாப்பிடணும். நம்ம திட்டமே அதுதான். உங்களுக்கு அந்தக் குரல் கேக்குதா?"

"கேக்குது மேடம்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதுவரைக்கும் நானூறு பேரில் ஒருவரும் ஆமாம் என்று சொன்னதில்லை. "வெரி குட். என்ன சொல்லுது?"

"எனக்கு வச்சிருக்கியான்னு கேக்குது."

"யார் குரல் மாதிரி இருக்கு?"

"மாதிரி இல்ல மேடம். எந்தம்பி குரலேதான். அவன் கடல்ல போயி ரெண்டு வருசமாச்சு."

வெளியே ஏதோ ஒரு கப்பல் ஊதியது. அது அடங்கும்வரை அனுசியா படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறந்தவர்களுக்கு அதில் கட்டம் இல்லை. உள்குரலின் பெயர், உள்குரலின் பசி அளவு என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. கட்டம் இருந்தால் நிரப்பித்தானே ஆக வேண்டும்?

"அதுக்கு... அவருக்குப் பசி எத்தனை?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணு மேடம். எப்பவும் ஒண்ணுதான்."

வளன் என்று கணினியில் அடித்தாள். ஊழியர் எண் இல்லாமல் கணினி எந்தக் குரலையும் ஏற்கவில்லை. தற்காலிகமாக 1147 என்று ஓர் எண் கொடுத்தாள். எண் விழுந்ததும் மறுநாள் கேன்டீனில் பிச்சையா 1147க்கு ஒரு தட்டு சோறும் மீன் குழம்பும் போட வேண்டியதாயிற்று. உப்பளத்தைப் பார்த்த ஜன்னலோர மேசையில், இன்னொரு தட்டால் மூடி வைத்தார். அந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை.

மூன்று நாள் தட்டு அப்படியே இருந்தது. நான்காம் நாள் காலை அறிவிப்புப் பலகையில் ஒரு மெமோ தொங்கியது.

'ஊழியர் 1147 திரு. வளன் அவர்களுக்கு. தங்கள் பசி அளவு ஒன்று எனப் பதிவாகியிருந்தும் தாங்கள் மூன்று நாட்களாக உணவருந்த வரவில்லை. இது திட்டத்தை அவமதிப்பதாகும். நேரில் வந்து விளக்கம் அளிக்கவும்.'

படித்தவர்கள் சிரித்தார்கள். இனிகோ கடைசி வரியை மூன்று முறை படித்தான். இரண்டு வருடமாக அவன் மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்ததும் அந்த ஒரு வரியைத்தான். மெமோவுக்கு அடியில் ஈரமாக ஒரு கை பட்டு மை கலைந்திருப்பதுபோல அவனுக்குத் தெரிந்தது. கடல் காற்றில் எந்தக் காகிதமும் அப்படித்தான் ஆகும் என்று சொல்லிக்கொண்டான்.

அன்று மத்தியானம் ஜன்னலோரத் தட்டு காலியாகத் திரும்பி வந்தது.

"நான் தொடல தம்பி, எம்பிள்ளைக மேல சத்தியம்," என்றார் பிச்சையா. மூடியை எடுத்துக் காட்டினார். "மூடின தட்டு மூடினபடி இருக்கு. உள்ள ஒரு பருக்கை இல்ல. முள்ளு மட்டும் வரிசையா அடுக்கி இருக்கு. பாரு."

இனிகோ பார்த்தான். வளனும் முள்ளை அப்படித்தான் அடுக்குவான் என்று தோன்றியது. உண்மையில் வளன் அப்படி அடுக்குவானா என்பது நினைவில் இல்லை. தம்பி முள்ளை என்ன செய்வான் என்பதே மறந்துபோயிற்றே என்று அந்த முட்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான்.

மறுநாளும் காலி. அதற்கு மறுநாளும் காலி. மூன்றாவது நாள் இனிகோ எதையும் ஒதுக்காமல் முழுத் தட்டையும் சாப்பிட்டான். குரல் வரவில்லை. வீட்டிலும் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"ஏளா, இன்னும் கொஞ்சம் சோறு போடு," என்று ஒரு நாள் அவன் கேட்டபோது மரியசெல்வி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் சோறு போட்டாள்.

எஸ்றாவின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. முனையம் முழுவதிலும் வரிசையில் நிற்காமல், புலம்பாமல், தட்டில் மிச்சம் வைக்காமல், வருத்தம் தெரிவிக்காமல் சாப்பிடும் ஒரே ஊழியர் 1147தான். 'அனைவரும் 1147ஐப் பின்பற்றுக' என்று சுற்றறிக்கை போட்டார். ஆண்டின் சிறந்த உண்பவர் விருதுக்கு வளன் பெயரைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அவர் உயிரோடு இல்லையே என்று யாரோ தயங்கியபோது, "அது அவருடைய தனிப்பட்ட விஷயம். நிறுவனம் அதில் தலையிடாது," என்று சொல்லிவிட்டார். விருதை அண்ணன் வாங்கிக்கொள்ளலாம், இனிகோவுக்கு உரிய சான்றிதழும் நிரந்தர உத்தரவும் அதே மேடையில் கிடைக்கும் என்று முடிவாயிற்று.

விருது நாளன்று இனிகோ ஒரு டிஃபன் பாக்ஸோடு வந்தான். பொரித்த சாளை நாலு. எதற்கு என்று மரியசெல்வி கேட்டதற்கு, "ஒரு ஆளுக்குக் கொடுக்க வேண்டியது," என்று மட்டும் சொல்லியிருந்தான். விழா தொடங்கும் முன் 1147இன் தட்டில் அந்த நாலையும் வைத்துவிட வேண்டும், வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தான்.

விழாவுக்காக அன்று பிச்சையா சீக்கிரமே தட்டை வைத்திருந்தார். கேன்டீனில் ஆள் இல்லை, எல்லோரும் பந்தலில் இருந்தார்கள். மூடியைத் திறந்தான். தட்டு காலி. அடியில் குழம்பின் ஈரம் காயவில்லை. உள்ளே, அரிசி மூட்டை அடுக்கும் அறையிலிருந்து முள்ளைச் சூப்பும் சத்தம் வந்தது.

இனிகோ மூடியைக் கீழே வைத்தான். "லே வளன்," என்று கூப்பிட்டுப் பார்த்தான். சத்தம் நின்றது. ஒரு கையில் டிஃபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளினான்.

கவிழ்த்த தக்காளிக் கூடையின் மேல் அனுசியா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு வாழை இலைத் துண்டு, அதில் சோறு, ஓரத்தில் வரிசையாக முள். வாய் நிறைய இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவனைப் பார்த்தாள். விழுங்கிய பிறகு வந்த பேச்சில் சென்னை இல்லை.

"அண்ணே, பசிச்சுதுண்ணே. சத்தியமா பசிச்சுது."

"நீங்களா மேடம்? எத்தனை நாளா?"

"தட்டு காலியான முத நாள்ல இருந்தேண்ணே. பன்னெண்டு வயசுல இருந்து எதைத் தின்னாலும் பயந்து பயந்துதான் தின்னுதேன். எங்கம்மா பாகு காய்ச்சும்போது வாசனை பிடிச்சிட்டு ஓடிருவேன். இங்க வந்து எல்லாரும் பயமில்லாம சாப்பிடுங்கன்னு மைக்ல சொல்லுதேன். என் பேருல ஒரு தட்டு எடுத்தா, மேடம் எத்தனை போட்டாவ, மேடம் என்ன தின்னாவன்னு நானூறு பேரு பாப்பாவ. இந்தத் தட்டுக்குத்தான் படிவமும் கிடையாது, கேள்வியும் கிடையாது. செத்தவரு தட்டு." அவள் அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே, விரலில் ஒட்டியிருந்த பருக்கையை நக்கினாள்.

அப்படியென்றால் வளன் ஒரு நாள்கூடச் சாப்பிடவில்லை. இனிகோவுக்கு ஆத்திரம் பொங்கியது. அவன் பங்கு இரண்டாம் முறையும் களவு போயிருக்கிறது. அந்தப் பாக்ஸை அவள் முகத்தில் எறியலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான். ஆனால் அவள் தட்டை எடுத்து, தின்று, பழையபடி மூடி வைத்திருக்கிறாள். மூடி வைத்தால் நடக்காததாக ஆகிவிடும் என்று நம்பியிருக்கிறாள். அந்தக் கை எப்படி மூடியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"பசிச்சுது, தின்னுட்டீய," என்றான். "வேற என்ன செஞ்சிய நீங்க? ஆளையா கொன்னிய?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவன் காதில் விழுந்தது. டிஃபன் பாக்ஸைத் திறந்து அவள் பக்கம் வைத்தான். "இதையும் தின்னுங்க. ஆறிட்டா நல்லா இருக்காது."

மேடையில் எஸ்றா பேசிக்கொண்டிருந்தார். "1147 ஒரு மனிதர் அல்ல, ஒரு மனநிலை. அவர் சம்பளம் கேட்டதில்லை, லீவு கேட்டதில்லை. நாம் அனைவரும் இறுதியில் அடைய வேண்டிய நிலை அதுதான்." விழாவுக்கு வந்திருந்த தலைமை அலுவலகத்து மனிதர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு இனிகோவிடம் கேடயத்தைக் கொடுத்து மைக்கையும் கொடுத்தார்கள்.

நானூறு முகங்கள். பின்வரிசையில் வாயைத் துடைத்துக்கொண்டு, பேயறைந்தவள்போல அனுசியா வந்து நின்றாள்.

"சார், எந்தம்பி எதையும் தின்னல," என்றான் இனிகோ. "அவன் பங்கைத் தின்னது நான்தான்."

அவன் நிறுத்தவில்லை. வள்ளத்தையும் நாலு சாளையையும் மூடியையும் வெறும் குழாயையும் பற்றி, இரண்டு வருடம் எவரிடமும் சொல்லாததை மைக்கில் சொன்னான். முடித்துவிட்டுக் கேடயத்தை மேசையில் வைத்தான். பிச்சையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

தலைமை அலுவலகத்து மனிதர் எஸ்றாவின் பக்கம் குனிந்தார். "இது குற்றவுணர்வு மாதிரி இருக்கே?"

"இருக்கு சார்," என்றார் எஸ்றா. "ஆனா அந்த மீன் திட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே உண்ணப்பட்டது. நம்ம வரம்புல வராது."

சாயங்காலத்துக்குள் இரண்டு மெமோ வந்தன. வளாகத்துக்குள் பகிரங்கமாகக் குற்றவுணர்வு தெரிவித்ததால் இனிகோவின் பெயர் நிரந்தரப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது என்பது ஒன்று. தொடர்ந்து நேரில் வராததால் 1147 பணிநீக்கம் செய்யப்படுகிறார் என்பது இன்னொன்று. இரண்டிலும் அனுசியா கையெழுத்துப் போட்டிருந்தாள். காகிதத்தின் ஓரத்தில் மீன் எண்ணெய்க் கறை இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து இனிகோ மரியசெல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"நாலு சாளையையா ரெண்டு வருசமா நெஞ்சுல வச்சிருந்திய?" என்று அவள் கேட்டாள். "எங்கிட்டச் சொல்ல உங்களுக்கு வாய் வரல. அவன் எத்தனை தடவ உங்க பங்கைத் தின்னுட்டு வாயைத் துடைச்சிட்டுப் போயிருக்கான், தெரியுமா? நான்தான உங்களுக்கு முட்டை பொரிச்சுத் தந்து மறைச்சேன்." சிரிக்கத்தான் பார்த்தாள், அது அழுகையாக முடிந்தது. பிறகு எழுந்து போய்ச் சாளை பொரித்தாள்.

மத்தியானம் இனிகோ தட்டின் முன் உட்கார்ந்தான். எதையும் ஒதுக்கவில்லை. முதல் மீனை முள் எடுத்துத் தின்றான். காதோரம் ஈரம் பட்டது.

"ண்ணே, எனக்கு வச்சிருக்கியா?"

தட்டை விட்டு எழுந்துவிடலாமா என்று பார்த்தான். எழவில்லை.

"இல்லலே," என்றான். "தின்னுட்டேன்."

ஒரு வாய்ச் சோறு தின்றான். தம்பி போய்விட்டான் என்றுதான் நினைத்தான்.

"நல்லா இருந்துச்சாண்ணே?"

இந்த இரண்டு வருடத்தில் அதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. முனையத்துப் படிவம் எதிலும் அப்படி ஒரு கேள்வி இல்லை. இனிகோவின் கண்ணிலிருந்து சோற்றில் சொட்டியது.

"நல்லா இருந்துச்சுலே," என்றான். "உப்புதான் கொஞ்சம் தூக்கல்." சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தான்.